இடது கால் மாமாவின் அலறல்

குராமோச்சி தெய்ஜிக்குச் சாவதுதான் தொழில். குண்டடி பட்டுச் சாவார், வாள் வெட்டில் சாவார், மாடியிலிருந்து விழுந்து சாவார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார் என்பது குரலிலேயே தெரியும். அமெரிக்கக் கௌபாய் படங்களுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்த காலத்தில், சாராயக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு கதாநாயகன் உள்ளே வந்தால் முதலில் சுருண்டு விழுகிறவன் எவனோ அவன்தான் தெய்ஜி. இரண்டாவதாக விழுகிறவனும் பெரும்பாலும் அவர்தான். மூன்றாமவனுக்கு மட்டும் வேறு ஆள் வைப்பார்கள், கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று.

பிறந்தது வடக்கே, அகிதா பக்கம். பனிக்காலத்தில் அங்கே வாசல் கதவு திறக்காது. மாடி ஜன்னல் வழியாக இறங்கித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஜன்னல் வழியாகப் போகிற படிப்பு எவ்வளவு தூரம் போகும்? பாதியில் விட்டுவிட்டு, நடிகனாகப் போகிறேன் என்று டோக்கியோவுக்கு ரயிலேறிவிட்டார். ஷின்ஜுகுவில் ஒரு நாடகக் குழு சேர்த்துக்கொண்டது. ஆள் வாட்டசாட்டம், முகமும் மோசமில்லை. வாயைத் திறந்தால்தான் வினை. அகிதாக்காரன் பேச்சு, குளிருக்குப் பயந்து பாதி வார்த்தையை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அவர் காதல் வசனம் பேசிய லட்சணத்தைக் கேட்ட நாடக வாத்தியார், "பொண்ணுகிட்ட மனசைச் சொல்றியா, முள்ளங்கி விக்கிறியா?" என்று கேட்டாராம். தெய்ஜியும் வருடக்கணக்கில் நாக்கைச் சுளுக்கெடுத்துப் பார்த்தார். முள்ளங்கி நாக்கை விட்டு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் கத்திக்குத்து வாங்கிச் சாகிற ஒரு துக்கடா வேஷம் கிடைத்தது. அலறினார். கொட்டகை ஒரு கணம் மூச்சு விடவில்லை. அலறலுக்கு வட்டார வழக்கு கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் பிழைப்பு ஓடிவிட்டது.

மனைவி ஃபுசாயேக்குக் கடைத்தெருவில் ஒரு கொரோக்கே கடை. மசித்த உருளைக்கிழங்கைத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுப்பது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வாண்டுகளிலிருந்து ஆபீஸ் விட்டு வருகிற குமாஸ்தா வரை கடை வாசலில் நின்றபடியே தின்பார்கள். அவள் அப்பா காலத்துக் கடை. தெய்ஜி வீட்டோடு வந்த மாப்பிள்ளை. எண்ணெய்க்குள் சில கொரோக்கே வயிறு வெடித்துக்கொள்ளும். அதை விற்க முடியாது. அது மாப்பிள்ளைக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழு கொரோக்கேயைத் தெய்ஜி தன் தட்டில் பார்த்ததில்லை.

"நீ வேகாத நடிகன், அது வெடிச்ச கொரோக்கே. ஜாடிக்கேத்த மூடி," என்பாள் ஃபுசாயே.

அவள் வாய் அப்படி. சாகிற வேஷத்துக்குப் பழகுகிறேன் என்று அவர் மாடியில் கத்திக்கொண்டிருந்தால், கீழேயிருந்து, "யோவ், செத்தது போதும், வந்து சோத்தைத் தின்னு," என்று குரல் வரும். வாங்க வந்தவர்கள் திடுக்கிடுகிறார்கள் என்று கடைசியில் வீட்டில் சாவதற்கே தடை போட்டுவிட்டாள். அன்றிலிருந்து தெய்ஜி பொதுக் குளியல் வீட்டில்தான் சாகிறார். மதியத்துக்கு மேல் அது திறந்ததும் முதல் ஆளாகப் போய், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, எதிர்ச்சுவரில் தீட்டியிருக்கும் ஃபுஜி மலையைப் பார்த்து அலறுவார். ஓடு பதித்த சுவர் அதை வாங்கி இரட்டிப்பாகத் திருப்பித் தரும். குளிக்க வருகிற பையன்களுக்கு அது இலவச வேடிக்கை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆளுக்கு ஐம்பது வயதை நெருங்கும்போது தோரான்கார் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலத் தொலைக்காட்சித் தொடர். ஐந்து பேர் ஐந்து வண்டிகளில் பறந்து வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மலை உயரத்துக்கு ஒரே ரோபோவாக நிற்பார்கள். அதுதான் தோரான்கார். தலையை ஓட்டுகிறவன் கதாநாயகன். அவன் முடி எப்போதும் காற்றில் பறக்கும், ஜன்னல் சாத்தியிருந்தாலும் பறக்கும். கைகளுக்கு இரண்டு பேர். வலது காலுக்கு ஒரு பெண். இடது காலுக்கு கோன்பே என்று ஒரு தடியன். இரண்டு காலும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டால் ரோபோ எப்படி நடக்கும் என்று எவரும் கேட்டதில்லை. கோன்பேக்குக் குரல் தெய்ஜி.

அதில் ஒரு அதிசயம் என்னவென்றால், கோன்பே அகிதாக்காரன் என்றே கதையில் எழுதியிருந்தார்கள். ஒலிப்பதிவு இயக்குநர் ஷிராகி முதல் நாளே, "குராமோச்சி சான், நாக்கை மடக்காதீங்க. ஊர்ல பேசுற மாதிரியே பேசுங்க," என்று சொல்லிவிட்டார். டோக்கியோவுக்கு வந்து அத்தனை காலத்தில் தெய்ஜியைப் பார்த்து வாயைத் திறந்து பேசு என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அன்றைக்கு ஸ்டூடியோ கழிப்பறையில் தெய்ஜி கொஞ்சம் அதிக நேரம் இருந்தார். வயிறு சரியில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டார்.

கோன்பே வாராவாரம் சோற்று உருண்டை தின்றான். வலது காலிடம் திட்டு வாங்கினான். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஊறுகாயை எதிரிக் கைதியோடு பங்கு போட்டான். ரோபோ விழும்போதெல்லாம் முதலில் அடிபடுவது இடது கால்தான் என்று முணுமுணுத்தான். கடைத்தெருப் பையன்கள் தெய்ஜிக்கு 'இடது கால் மாமா' என்று பேர் வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் அள்ளும் நேரம் என்பதால் ஃபுசாயே மட்டும் ஒரு வாரம்கூடப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

தொடருக்குப் படியளந்தது ஒரு பொம்மை கம்பெனி. பொம்மை விற்கவில்லை. இடது காலில் டாங்கிச் சங்கிலி மாட்டினால் விற்கும் என்று அங்கே யாருக்கோ ஞானோதயம் ஆயிற்று. புதுக் கால் வர வேண்டுமென்றால் பழைய கால் உடைய வேண்டும். காலோடு கோன்பேயும் போக வேண்டும். தெய்ஜிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வாழ்நாளெல்லாம் செத்தவர். இந்த முறைதான் செத்துப்போகிறவனை அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது.

குரல் பதிகிற நாளில் படம் தயாராக இருந்ததே கிடையாது. ஓவியர்கள் எங்கோ தூக்கமில்லாமல் வரைந்துகொண்டிருப்பார்கள். ஸ்டூடியோத் திரையில் ஓடுவது வெறும் வெள்ளைப் படச்சுருள். அதில் எடிட்டர் ஒகினோ மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருப்பார்: கதாநாயகனுக்கு நீலம், கோன்பேக்குச் சிவப்பு. சிவப்புக் கோடு ஓடும் வரை தெய்ஜி பேச வேண்டும், நின்றதும் நிறுத்த வேண்டும். முகம் கிடையாது, ரோபோ கிடையாது. கோட்டைப் பார்த்துச் சிரித்து, கோட்டைப் பார்த்து அழுது, கோட்டைப் பார்த்துச் சாக வேண்டும். நடுவில் எவராவது தவறினால் அந்தச் சுருள் மொத்தமும் முதலிலிருந்து. அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரே பயம்தான்: நம்மால் நின்றது என்ற பேர் வரக்கூடாது.

கோன்பே சாகிற சுருளில் சிவப்புக் கோடு ஓடியது. தெய்ஜி அலறினார். கோடு நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை. கோடு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மூச்சு முடிந்து, குரல் கிழிந்து, கடைசியில் அலறல் என்றே சொல்ல முடியாத ஒரு மெல்லிய ஊளையாக இழுத்துக்கொண்டு போனபோது கோடு நின்றது. பக்கத்து மைக்கில் நின்றவர்கள் கையிலிருந்த தாளைப் புரட்ட மறந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஷிராகி, சரி என்று மட்டும் சொன்னார்.

ஒளிபரப்பில் அது எப்படி வந்ததென்றால், இடது கால் வெடித்துப் போய்விட்டது, கோன்பேயும் இல்லை, திரையில் வெறும் வானம். அந்த வெறும் வானத்தின் மேல் அவன் அலறல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குப் பிறகு சோயா சாஸ் விளம்பரம்.

பொம்மை அப்போதும் விற்கவில்லை. தொடரைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த வானத்தைப் பார்த்த பையன்கள் சும்மா இருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் மறுஒளிபரப்பைப் பார்த்தார்கள், கூட்டம் போட்டார்கள், தெய்ஜியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தச் சாவை எப்படி நடித்தீர்கள் என்று கேட்டார்கள். கோடு அவ்வளவு நீளம் இருந்தது, அதனால் கத்தினேன் என்று முதல் கூட்டத்தில் உள்ளபடியே சொன்னார். பையன்கள் முகம் தொங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில், கோன்பே அவன் அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று அலறுகிறான், அகிதா தூரமில்லையா, அதனால்தான் கோட்டை அவ்வளவு நீளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பல தடவை சொன்னதில் தெய்ஜியும் அதை நம்பிவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான், இடது கால்தானே என்று பார்க்காமல், இவனுக்கும் சாவதற்குக் கொஞ்சம் இடம் கொடுப்போம் என்று யோசித்துக் கொடுத்த இடம் அது என்று அவர் மனதில் பதிந்து போயிற்று.

பையன்களின் கூச்சல் விநியோகக் கம்பெனி வரை எட்டியது. தோரான்காரைச் சினிமாவாக்குவது என்று முடிவாயிற்று. புதிதாக எடுக்கப் போவதில்லை. தொடரையே வெட்டி ஒட்டி, அத்தனை சனிக்கிழமைகளையும் ஒரே மதியக்காட்சிக்குள் அடைத்து, குரலை மட்டும் புதிதாகப் பதிவது. ஒகினோ கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். சோற்று உருண்டை போயிற்று. ஊறுகாய் போயிற்று. எதிரிக் கைதி போனான். கோன்பே படத்துக்குள் வருகிறான், வந்துவிட்டேன் என்கிறான், கொஞ்ச நேரத்தில் சாகிறான். வசனத்தாள் கைக்கு வந்தபோது தெய்ஜிக்கு அது விசிறிக்குக்கூடப் போதாது போலிருந்தது. ஆனாலும் சாவு இருந்தது. ஷிராகி தொலைபேசியில் அதைத்தான் முதலில் சொன்னார்: கோன்பே சாவு இல்லாமல் படமே இல்லை.

அன்றைக்கு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்த ஃபுசாயேயிடம் போய்ச் சொன்னார்.

"பெரிய திரையிலயா?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"ஷின்ஜுகுல."

"பேரு வருமா?"

"வரும்."

அவள் இரண்டு கொரோக்கேயைப் புரட்டிப் போட்டாள். "சரி, கடையை மூடிட்டு வரேன்."

தெய்ஜி தான் கேட்டது சரிதானா என்று நின்றார். புத்தாண்டைத் தவிர மூடாத கடை அது. அவள் அப்பா செத்த அன்றைக்கே சாயங்காலம் அடுப்பு பற்றவைத்தவள். திருமணமான பிறகு தெய்ஜி எத்தனையோ தடவை செத்திருக்கிறார். ஒன்றுக்குக்கூட அவள் வந்ததில்லை. அவர் கேட்டதும் இல்லை.

படம் வருவதற்குச் சில வாரம் முன்பு, ஸ்டூடியோப் பக்கத்துக் காபிக் கடைக்கு ஷிராகி அவரைத் தனியாக வரச் சொன்னார். காபி ஆறி ஆடை கட்டும் வரை வானிலையைப் பற்றிப் பேசினார். நல்ல மனுஷன், கெட்ட சேதி சொல்லப் பழகாதவர்.

"கோன்பே வசனத்தை துகிமோரி ஷின் பேசுறாரு," என்றார் கடைசியில்.

துகிமோரி ஷின் பாட்டுக்காரன். அவன் முடியைக் கோதினால் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் மயங்கி விழுகிற காலம் அது. அவன் பேர் சுவரொட்டியில் இல்லாவிட்டால் பெரிய தியேட்டர் கிடைக்காது என்று விநியோகக் கம்பெனி சொல்லிவிட்டதாம். கதாநாயகன் வேஷத்தைத் தொட்டால் ரசிகப் பையன்கள் தியேட்டரைக் கொளுத்துவார்கள். அதனால் அளவாக ஒரு வேஷம் பார்த்தார்கள். கொஞ்சம் வசனம், ஒரு சாவு.

"அகிதாப் பேச்சு?" என்று கேட்டார் தெய்ஜி.

"பழகிட்டிருக்காரு. டேப் கொடுத்திருக்கோம்."

யார் டேப் என்று தெய்ஜி கேட்கவில்லை. ஷிராகி கரண்டியால் காபியைக் கிண்டிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். அலறல் மட்டும் அவனால் முடியாது. வரிசையாகக் கச்சேரி இருக்கிறது, தொண்டை போய்விடும் என்று அவன் ஆபீசில் பயப்படுகிறார்கள். பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுக்கலாமென்றால் அலறலும் வெடிச்சத்தமும் இசையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

"அதனால அலறல் மட்டும் நானு," என்றார் தெய்ஜி.

"பேரு போட முடியாது. வெளியிலயும் சொல்லக் கூடாது." ஷிராகி மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வேணாம்னா சொல்லிடுங்க குராமோச்சி சான். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். வெடிச்சத்தத்தோட முடிச்சுடலாம்."

கோன்பே அலறாமல் சாக வேண்டும். இல்லையென்றால் இவர் பேரில்லாமல் சாக வேண்டும். தெய்ஜி சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"கோடா, படமா?"

"படம்தான். முழுசா இருக்கு இப்ப."

"அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அலறலாமா?"

"அலறலாம்."

"அப்ப வர்றேன்."

வீட்டுக்குப் போனதும் ஃபுசாயேயிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். ஸ்டூடியோவுக்குக் கொடுத்த வாக்கு பெண்டாட்டிக்குப் பொருந்தாது என்று ரயிலிலேயே தீர்ப்பும் எழுதியாயிற்று. ஆனால் கடைக் கதவில் பெரிய தாள் ஒட்டியிருந்தது. மை இன்னும் காயவில்லை. 'புருஷன் சினிமா வெளியாகும் நாள் கடை விடுமுறை.' எதிர்க்கடை மீன்காரர் ஓடி வந்து தலை தாழ்த்தி வாழ்த்துச் சொன்னார். டோஃபு கடைக் கிழவர் இடது காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். இதையெல்லாம் தாண்டி உள்ளே போனபோது, ஃபுசாயே பெட்டியிலிருந்து கிமோனோவை எடுத்துக் காற்றாடப் போட்டிருந்தாள். தொண்டை வரை வந்ததைத் தெய்ஜி வெடித்த கொரோக்கேயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

ஒலிப்பதிவு அன்றைக்கு ஸ்டூடியோவில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் முன்பே வந்து பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷிராகி, ஒகினோ, துகிமோரியின் மானேஜர். ஒரு தடவை படத்தை ஓட்டிக் காட்டினார்கள். கோன்பேயின் முகத்தை, சாகிற நேரத்து முகத்தை, தெய்ஜி அன்றைக்குத்தான் நிம்மதியாகப் பார்த்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்ததுண்டு. அது உள்ளங்கை அளவு, பின்னால் எண்ணெய் கொதிக்கிற சத்தம் வேறு. இங்கே கோன்பே சுவர் முழுக்க இருந்தான். வாயைத் திறந்தான். உடனே கால் வெடித்தது. உடனே கதாநாயகன் முடி பறந்தது.

வானத்தைக் காணோம்.

தெய்ஜி மைக்கை நோக்கி, வானம் எங்கே என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்டது. அங்கிருந்து உள்ளே பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. யாரோ வசனத்தாள் கட்டைத் தூக்கி அதன் மேல் வைத்திருக்க வேண்டும்.

"டிவில இது ரொம்ப நீளமாமே. ரசிகர்கள் கேப்பாங்களே," என்றார் மானேஜர்.

"வெறும் வானத்துக்கெல்லாம் படத்துல எடம் இல்லீங்க," என்றது ஒகினோவின் குரல். "அந்த நீளமே தப்பா வந்ததுதான். அன்னிக்கு நான் கோடு இழுத்துட்டிருந்தேனா, போன் அடிச்சுது. எடுத்துப் பேசிட்டே இருந்தேன், பென்சில் பாட்டுக்கு அடுத்த காட்சி மேலயும் போயிருச்சு. யாரும் பேசக் கூடாத காட்சி அது. இந்த ஆளு கோடு போற வரைக்கும் கத்தினாரு. கோடு தெருவுக்குப் போயிருந்தா தெருவுக்கும் போயிருப்பாரு."

மானேஜர் சிரித்தார். ஷிராகியும் சிரித்தாரா என்பது தெரியவில்லை. சிரிக்கவில்லை என்றே தெய்ஜி வைத்துக்கொண்டார்.

"யாரு போன்ல?" என்று கேட்டார் மானேஜர்.

"மாமியார்," என்றார் ஒகினோ. மறுபடி சிரிப்பு.

அப்புறம் யாரோ அந்தத் தாள்கட்டை எடுத்திருப்பார்கள்; சத்தம் நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மூன்று பேரும் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள், குரல் பதியாத படம் மாதிரி. தெய்ஜி தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். சத்தம் வராத ரப்பர் செருப்பு, ஸ்டூடியோவுக்கென்றே வைத்திருப்பது. அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று அலறினான் என எத்தனை பையன்களை அழ வைத்திருக்கிறார். ஒகினோவின் மாமியார் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் சோயா சாஸ் விளம்பரத்துக்கும் இவரே அலறியிருப்பார்.

விளக்கு எரிந்தது. படம் ஓடியது. கோன்பே வாயைத் திறந்தான். தெய்ஜி அலறினார், படம் கொடுத்த இடத்தை ஒரு இம்மி மிஞ்சாமல்.

"சரியா இருக்கு," என்றது ஷிராகியின் குரல்.

"இன்னொரு தடவை வேணும்னா..."

"வேணாம் குராமோச்சி சான். அருமையா வந்திருக்கு. ரொம்ப நன்றி."

செருப்பை மாற்றிக்கொள்ள ஆன நேரம் அலறுவதற்கு ஆகவில்லை. வெளியே வரும்போது யாரோ கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் திணித்தார்கள். மேலே துகிமோரி பேர் எழுதியிருந்தது. அவன் வராத நாளிலும் அவனுக்குச் சாப்பாடு வாங்கியிருந்தார்கள். விலாங்கு மீன். ரயில் நிலைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத்தான் தெய்ஜி வீட்டுக்குப் போனார்.

வெளியான அன்றைக்கு ஷின்ஜுகுவில் கூட்டம் தெருமுனை சுற்றி நின்றது. பாதி, தோரான்கார் பையன்கள். மீதி, துகிமோரி படம் போட்ட விசிறியோடு பெண்பிள்ளைகள். ஃபுசாயே கிமோனோவில் வந்தாள். தலைமுடியை இரண்டு முறை அலசியும் எண்ணெய் வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும், மடியில் கைக்குட்டையை விரித்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள், புகைப்படம் எடுக்கப் போவது மாதிரி.

கோன்பே வந்தான். 'வந்துட்டேன்' என்றான். அகிதாப் பேச்சுக்கு வேஷம் கட்டிவிட்ட மாதிரி ஒரு பேச்சு. பெண்பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். இருட்டில் ஃபுசாயேயின் தலை மெல்லத் திரும்பியதைத் தெய்ஜி பார்க்காமலே அறிந்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலை திரும்பிக்கொண்டது.

பிறகு கோன்பே வாயைத் திறந்தான்.

தன் அலறலை அவ்வளவு பெரிய இடத்தில் தெய்ஜி கேட்டதே இல்லை. நாற்காலிக் கைப்பிடி அதிர்ந்தது. கேட்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. முன் வரிசையில் ஒரு பெண், துகிமோரி, துகிமோரி என்று விம்மி விம்மி அழுதாள். அவளுக்கு இருமல் மாத்திரை ஒன்று கொடுக்கலாமா என்றுதான் தெய்ஜிக்குத் தோன்றியது. எப்போதும் பையில் வைத்திருப்பார்.

கடைசியில் பெயர்கள் ஓடின. கூட்டம் எழுந்து போயிற்று. ஃபுசாயே எழுந்திருக்கவில்லை. கேட்டரிங் கொடுத்தவன் பேர் வரை போய், திரை மூடி, துடைப்பத்தோடு ஆள் வரும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கைக்குட்டையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நாலைந்து நிலையம் போன பிறகு அவள்தான் பேசினாள்.

"அந்தப் பாட்டுக்காரப் பையன் பேசுறது கேக்கச் சகிக்கல."

"ம்."

"முள்ளங்கிய முழுசா வாயில வெச்சுக்கிட்டுப் பேசுறான்."

தெய்ஜி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அலறல் மட்டும் நல்லா இருந்துச்சு," என்றாள்.

இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். ரயில் பெட்டியில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஸ்டூடியோ வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: பேர் வரும் என்று சொன்னது, தாள் ஒட்டியதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தது, ஒகினோவின் மாமியார் வரைக்கும். அதைவிட, நம்புவாளா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"சின்ன வயசு," என்றார். "மூச்சு நல்லா இருக்கும்."

ஃபுசாயே அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் குளியல் வீட்டுக்கு அவர் நேரம் தள்ளித்தான் போனார். அப்படியும் பையன்கள் காத்திருந்தார்கள். படம் பார்த்துவிட்டு வந்த சூடு. காய்கறிக்கடைப் பையன் யாசுகி நீரில் மூக்கு வரை மூழ்கியிருந்து வெளியே வந்தான்.

"இடது கால் மாமா, சாவுங்க."

தெய்ஜி ஃபுஜி மலையைப் பார்த்தார். அலறினார். பழைய அலறல், வானம் வரை போகிறது. மூச்சு முன் மாதிரி இல்லை. ஆனாலும் ஓடு பதித்த சுவர் அதைத் தூக்கிக் கொடுத்தது. முடிந்து அவர் இருமிக்கொண்டிருக்கையில் யாசுகி தலையை ஆட்டினான்.

"தப்பு மாமா. அவ்ளோ நீளம் கெடையாது. நான் நேத்துதான் பாத்தேன். துகிமோரி இப்படி அலறுவாரு." அலறிக் காட்டினான். சின்னதாக, சரியாக.

டிவியில் நீளம்தான் என்றான் இன்னொருவன். டிவி பழசு, சினிமாதான் நிஜம் என்றான் யாசுகி. இரண்டு பேரும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். கடைசியில் இருவரும் தெய்ஜி பக்கம் திரும்பினார்கள், மாமாவே அலறிக் காட்டட்டும் என்று.

தெய்ஜி முகத்தைத் துடைத்துக்கொண்டார். படம் கொடுத்த இடத்துக்குள் அலறினார்.

"இப்ப சரி," என்றான் யாசுகி. "துகிமோரி அளவுக்கு இல்ல, ஆனா சரி."

வீட்டுக்கு வந்தபோது கடைக் கதவில் தாள் இல்லை. கிழித்த இடத்தில் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபுசாயே எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பாமலே, கையைக் கழுவிவிட்டு உட்காரச் சொன்னாள். யோவ் என்று கூப்பிடவில்லை. தெய்ஜிக்கு அதுவே என்னவோ போலிருந்தது. தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஒரு முழு கொரோக்கே. பொன்னிறம், வட்டம் குலையாமல், விளிம்பு சிதறாமல். பக்கத்தில் அரிந்த முட்டைக்கோஸ்.

தெய்ஜி சாப்பாட்டுக் குச்சியைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்திருந்தார். இத்தனை வருடம் கேட்காமல் இருந்ததை இன்றைக்கா தர வேண்டும்?

"வெடிச்சது இல்லியா?"

"இன்னிக்கு ஒண்ணும் வெடிக்கல," என்றாள் ஃபுசாயே. "ஆறிடும், தின்னு."

அவள் முதுகுக்குப் பின்னால், சட்டிக்குப் பக்கத்துத் தட்டில், வயிறு வெடித்த கொரோக்கேகள் மேலே தாள் மூடிக் கிடந்தன. தாள் எண்ணெயில் ஊறி உள்ளே இருப்பது நன்றாகவே தெரிந்தது. தெய்ஜி தட்டைப் பார்த்துக் குனிந்து, முழு கொரோக்கேயைத் தின்ன ஆரம்பித்தார்.